வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்தோம் என்று கல்லூரிக்குத் தெரியுமா?

இந்த முறை வந்த உயர்கல்விக் கடிதங்களில் பல ஒரே சந்தேகத்தைச் சுற்றியே வருகின்றன. நாம் வேறு எங்கெங்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று ஒரு கல்லூரிக்குத் தெரியுமா? தெரிந்தால் அதனால் பாதிப்பு வருமா? அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறோம்.

கே: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளம்) வழியாக 14 கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். பட்டியலில் ஹார்வர்டும் இருக்கிறது, இங்கே யாருக்கும் பெயர் தெரியாத சிறிய கல்லூரிகளும் இருக்கின்றன. “இந்தப் பெண் நம்மிடம் வரப் போவதில்லை” என்று சிறிய கல்லூரிகள் ஒதுக்கிவிடுமா? (வாசகி, கோவை)

ப: பட்டியல் அவர்கள் கண்ணுக்கே படாது. காமன் ஆப்பில் ஒருவர் அதிகபட்சம் 20 கல்லூரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் போய்ச் சேருவது அந்தக் கல்லூரிக்கான விண்ணப்பம் மட்டும்தான். எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை ஐந்து இடங்களுக்கு அனுப்பினாலும், மற்ற நான்கு எவை என்பது ஐந்தாவது கல்லூரிக்குப் போகும் அறிக்கையில் இருக்காது.

அதே சமயம் உங்கள் பயத்தில் பாதி நியாயமும் இருக்கிறது. 1,000 இடம் உள்ள கல்லூரி 3,000 பேருக்கு அனுமதிக் கடிதம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 1,200 பேர் வந்துவிட்டால் விடுதியில் கட்டில் இருக்காது. 800 பேர்தான் வந்தார்கள் என்றால் வருமானத்தில் துண்டு விழும். அதனால் ‘இந்த மாணவி உண்மையில் வருவாளா’ என்பதைச் சில கல்லூரிகள் எடைபோடத்தான் செய்கின்றன. மதிப்பெண் மிக உயரமாக இருந்து, அந்தக் கல்லூரியைப் பற்றி எதுவுமே தெரிந்துகொள்ளாமல் எழுதியது போல விண்ணப்பம் இருந்தால், காத்திருப்போர் பட்டியலில் தள்ளிவிடுவதும் உண்டு. பட்டியலைப் பார்த்து இந்த முடிவுக்கு வருவதில்லை. மதிப்பெண்ணையும் கட்டுரையையும் சேர்த்துப் பார்த்து ஊகிக்கிறார்கள்.

எந்தக் கல்லூரி இப்படிப் பார்க்கிறது, எது பார்ப்பதில்லை என்பதை நீங்களே சரிபார்க்கலாம். கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று சேர்த்துத் தேடினால் கல்லூரியே வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். அதில் சி7 என்ற பிரிவில் ஓர் அட்டவணை இருக்கும். மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் என்று வரிசையாக வந்து, கீழ்ப்பகுதியில் ‘லெவல் ஆஃப் அப்ளிகன்ட்ஸ் இன்ட்ரஸ்ட்’ (விண்ணப்பதாரரின் ஆர்வம்) என்று ஒரு வரி வரும். மிக முக்கியம், முக்கியம், கவனிப்போம், கவனிப்பதில்லை என்ற நான்கு கட்டங்களில் எதில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபோர்டு எல்லாம் ‘கவனிப்பதில்லை’ வகை. அவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது! நடுத்தர அளவிலான தனியார் கல்லூரிகள் பலவற்றில்தான் ‘கவனிப்போம்’ அல்லது ‘முக்கியம்’ இருக்கும்.

அப்படிப்பட்ட கல்லூரிக்கு மூன்று வேலை செய்தால் போதும். இணையவழி அறிமுகக் கூட்டத்துக்குப் பதிவு செய்து கலந்துகொள்ளட்டும். விண்ணப்பித்ததும் கல்லூரி தரும் போர்ட்டலில் நுழைந்து பார்க்கட்டும். “ஏன் எங்கள் கல்லூரி?” என்ற துணைக் கட்டுரையில் பாடத்தின் பெயர், ஆய்வகத்தின் பெயர் என்று குறிப்பாக எழுதட்டும். எல்லாவற்றுக்கும் காமன் ஆப்பில் கொடுத்த அதே மின்னஞ்சல் முகவரியைப் பயன்படுத்த வேண்டும். சில கன்சல்டன்சிகள் மாணவருக்கென்று தனியாக ஒரு மெயில் ஐடி தொடங்கித் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் கல்லூரி அனுப்பும் மெயில் எதுவும் மாணவிக்கு வருவதே இல்லை. கல்லூரியின் கணக்கிலோ, இந்தப் பெண் ஒரு மெயிலைக்கூடத் திறக்காதவள். அப்படி ஓர் ஏற்பாடு உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே கடவுச்சொல்லை வாங்கிவிடுங்கள்.

வாராவாரம் அட்மிஷன் அலுவலகத்துக்கு மெயில் போடுவதை ஆர்வமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அது வேண்டாம்.

கே: ஒரு கல்லூரியின் விண்ணப்பத்தில் “வேறு எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறீர்கள்?” என்று நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள். என்ன எழுதுவது? (மாணவர், திருச்சி)

ப: நட்சத்திரக் குறி இல்லையென்றால், அதாவது கட்டாயமில்லையென்றால், காலியாக விடுங்கள். அதற்காக மதிப்பெண் குறையாது. பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பது, தங்களுக்குப் போட்டி யார் என்று தெரிந்துகொள்வதற்கான கணக்கெடுப்புக்குத்தான்.

கட்டாயம் என்றால் உண்மையான பெயர்களையே கொடுங்கள். எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. அந்தக் கல்லூரியை ஒத்த மூன்று நான்கு பெயர்களை அகர வரிசையில் எழுதினால் எதை மேலே வைத்தீர்கள் என்ற ஊகத்துக்கு இடமிருக்காது. விருப்ப வரிசையைச் சொல்லச் சொல்லி மாணவரைக் கேட்பது முறையல்ல என்பது அமெரிக்க அட்மிஷன் அலுவலர்கள் சங்கமான நேக்காக்கின் நெறிமுறைகளில் நெடுங்காலமாக இருந்துவந்த கருத்து. எனவே, “நாங்கள் எத்தனையாவது இடம்?” என்று யாராவது கேட்டால் நழுவுவதில் தப்பே இல்லை.

நேர்காணலில் வாய்மொழியாகக் கேட்டால் கல்லூரிப் பெயர்களை அடுக்காமல் தேடலின் போக்கைச் சொல்லுங்கள்: “இளநிலையிலேயே ஆய்வு செய்ய வாய்ப்புள்ள, உயிரியல் துறை வலுவான சிறிய கல்லூரிகளாகப் பார்த்து விண்ணப்பிக்கிறேன். இங்கே இன்ன ஆய்வகம் இருப்பதால் வந்தேன்.” பொய்யும் இல்லை, பட்டியலும் இல்லை.

கே: எர்லி டிசிஷனில் (கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற முன்சுற்று) இரண்டு கல்லூரிகளுக்குப் போட்டுவிட்டு, எதில் கிடைக்கிறதோ அதில் சேர்ந்துகொண்டால் என்ன? ஒன்றுக்கு இன்னொன்று தெரியாது என்றுதானே சொல்கிறார்கள்? (மாணவியின் தந்தை, சென்னை)

ப: செய்யாதீர்கள். மற்ற விண்ணப்பங்களில் கல்லூரி உங்கள் பட்டியலைப் பற்றிக் கேட்க உரிமையில்லாமல் இருக்கலாம். இங்கே உரிமையை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். “இது ஒன்றுதான் என் எர்லி டிசிஷன், இடம் கிடைத்தால் மற்ற எல்லா விண்ணப்பங்களையும் திரும்பப் பெறுவேன்” என்ற ஒப்பந்தத்தில் மாணவி, பெற்றோர், பள்ளி ஆலோசகர் ஆகிய மூவரும் கையெழுத்திட வேண்டும். இரண்டு கல்லூரிக்குப் போட்டால் ஆலோசகரும் இரண்டில் கையெழுத்திட வேண்டும். விஷயம் முதலில் உடைவது அங்கேதான். நம் ஊரில் பல பள்ளிகளில் ஆலோசகர் என்று தனியாக ஒருவர் இல்லை, முதல்வரே அந்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். அது என்ன படிவம் என்று தெரியாமலே போட்டுவிடுவதும் நடக்கிறது. பிறகு சிக்கல் வந்தால் அந்தப் பள்ளியிலிருந்து அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் பிள்ளைகளையும் அது பாதிக்கும்.

எர்லி டிசிஷனில் தேர்வானவர்களின் பெயர்களைச் சில கல்லூரிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டதும் உண்டு. இது போட்டிச் சட்டத்தை மீறுகிறதா என்று 2018இல் அமெரிக்க நீதித்துறை கல்லூரிகளுக்குக் கடிதம் அனுப்பி விசாரித்தது. ஒப்பந்தத்தை மீறினால் நீதிமன்றம் போய் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் இரண்டு கல்லூரிகளுமே அனுமதியை ரத்து செய்யலாம்.

காலக்கணக்கு இப்படி: முதல் சுற்றுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15 கடைசி நாள், முடிவு டிசம்பர் நடுவில். அதில் கிடைக்கவில்லையென்றால், இன்னொரு கல்லூரியின் இரண்டாம் சுற்று எர்லி டிசிஷனுக்கு ஜனவரித் தொடக்கத்தில் போடலாம், அதன் முடிவு பிப்ரவரி நடுவாக்கில் வரும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு போடுவது முறையானது. ஒரே நேரத்தில் இரண்டு போடுவதுதான் கூடாது.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு ஆகியவற்றில் இருப்பது இன்னொரு வகை. கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அதே முன்சுற்றில் வேறு தனியார் கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கூடாது. அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும், சேர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத முறையில் விண்ணப்பிக்கலாம். எனவே யேலுக்கு முன்சுற்றில் போட்டவர் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் போடுவதில் தடையில்லை. விதிவிலக்குகள் கல்லூரிக்குக் கல்லூரி சிறிது மாறும். அந்தந்த இணையப்பக்கத்தை வரி விடாமல் படியுங்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. எர்லி டிசிஷனில் இடம் கொடுத்து, உதவித்தொகை போதவில்லையென்றால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். ஆனால் அதற்கு விண்ணப்பிக்கும்போதே உதவித்தொகை கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டு டிசம்பரில் “முடியவில்லை” என்றால் எடுபடாது. வெளிநாட்டு மாணவர்களைப் பொறுத்தவரை, உதவி கேட்பதே பல கல்லூரிகளில் தேர்வைப் பாதிக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். நான்கு ஆண்டுச் செலவை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்காத குடும்பம் எர்லி டிசிஷன் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

கே: நாங்கள் கிரீன் கார்டில் இருக்கிறோம். ஃபாஃப்சா என்ற அமெரிக்க அரசின் உதவித்தொகைப் படிவத்தில் கல்லூரிகளை எந்த வரிசையில் எழுதுகிறோமோ அதை வைத்து நம் விருப்பத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? (வாசகர், நியூ ஜெர்சி)

ப: முன்பு உண்மை. ஒருவர் படிவத்தில் எழுதிய கல்லூரிகள் முழுவதும், எழுதிய வரிசையிலேயே, ஒவ்வொரு கல்லூரிக்கும் போய்க்கொண்டிருந்தது. முதலில் எழுதப்பட்டதுதான் பெரும்பாலும் மாணவர் சேரும் இடம் என்று கண்டுகொண்ட சில கல்லூரிகள் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டன. விஷயம் வெளியே வந்து கண்டனம் எழவே, 2016-17 கல்வியாண்டுக்கான படிவத்திலிருந்து மற்ற கல்லூரிகளின் பெயரைக் காட்டுவதை அமெரிக்கக் கல்வித்துறை நிறுத்திவிட்டது. இப்போது 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம். எந்த வரிசையில் எழுதினாலும் கல்லூரிக்குத் தெரியாது. மாநில அரசின் உதவித்தொகை அமைப்புக்கு மட்டும் பட்டியல் போகும். சில மாநிலங்களில் உள்ளூர்க் கல்லூரியை முதலில் எழுதினால்தான் மாநில உதவி. உங்கள் மாநில அமைப்பின் பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

நண்பரின் சந்தேகம் முளைத்த இடம் பழையது. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் எம்.ஐ.டி.யும் ஆண்டுதோறும் கூடி, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தேர்வான மாணவர்களின் பெயர்களை வைத்துக்கொண்டு, யாருக்கு எவ்வளவு உதவித்தொகை என்று பேசி ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 1991இல் அரசு வழக்குப் போட்டது. ஐவி எட்டும் உடனே உடன்பட்டு நிறுத்திக்கொண்டன. எம்.ஐ.டி. மட்டும் வழக்காடி 1993 முடிவில் சமரசத்துக்கு வந்தது. இன்று அப்படியொரு கூட்டம் கூட முடியாது.

கே: இங்கிலாந்துக்கு யூகாஸ் வழியாக ஐந்து பல்கலைக்கழகம் போடலாம் என்கிறார்கள். ஒரே படிவம் என்பதால் ஐந்தும் ஐந்தையும் பார்க்குமா? (மாணவி, யாழ்ப்பாணம்)

ப: பார்க்காது. உங்களுக்கு வந்த முடிவுகளுக்கு நீங்கள் பதில் சொல்லி முடித்த பிறகுதான் மற்றவை தெரியவரும். அதற்குள் எல்லாரும் தங்கள் முடிவைச் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் ஐந்துக்கும் ஒரே தன்விளக்கக் கட்டுரைதான் போகிறது. காட்டிக்கொடுப்பது அதுதான். 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. மூன்றும் சேர்த்து இடைவெளிகள் உட்பட 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. அதில் “உங்கள் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற நூலகம்” என்று ஒன்றைக் குறித்து எழுதினால் மற்ற நான்கும் படிக்கும். மூன்று இடத்தில் பொருளியல், இரண்டு இடத்தில் சட்டம் என்று போட்டுவிட்டுச் சட்டத்தைப் பற்றியே எழுதினாலும், பொருளியல் துறைக்காரர் ‘இவர் நமக்கு எழுதவில்லை’ என்று முடிவுகட்டிவிடுவார். எனவே ஐந்தும் ஒரே பாடமாகவோ மிக நெருங்கிய பாடமாகவோ இருக்கட்டும். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் என்றால் நான்குதான். ஐந்தாவது இடத்தில் வேறு பாடம் போடலாம், அதற்கென்று கட்டுரையை வளைக்கத் தேவையில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுதான். அவற்றுக்கும் மருத்துவத்துக்கும் அக்டோபர் 15, லண்டன் நேரம் மாலை 6 மணி கடைசி. யாழ்ப்பாணத்தில் அப்போது இரவு 10.30.

கே: எம்.எஸ். படிக்க எட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஜி.ஆர்.இ. மதிப்பெண் அனுப்பியதில் தெரிந்துவிடுமா? (பொறியாளர், ஓசூர்)

ப: பட்டமேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வன்று இலவசமாக நான்கு இடங்களுக்கு அனுப்பலாம். எந்த நான்கு என்பது அறிக்கையில் வராது. ஆங்கிலத் தேர்வான டோஃபலும் அப்படித்தான். எம்.எஸ். விண்ணப்பங்களில் பட்டியல் தெரிவது நம் கைவேலையால்தான்.

எஸ்.ஓ.பி. என்ற நோக்கக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் முந்தைய பல்கலைக்கழகத்தின் பெயர் அப்படியே இருந்துவிடுவது எல்லாருக்கும் தெரிந்த தவறு. தெரியாதது கோப்பின் பெயர். ‘எஸ்.ஓ.பி. பர்டியூ ஃபைனல்’ என்ற பெயரோடு கோப்பை வேறு பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஏற்றிவிடுவார்கள். பெயரை மாற்றினாலும், வேர்டு கோப்பின் ‘டைட்டில்’ பண்பில் பழைய பெயர் தங்கியிருந்தால், பி.டி.எஃப்.ஐத் திறக்கும்போது பிரௌசரின் மேல்பட்டையில் அது பளிச்சென்று தெரியும். ஃபைல், இன்ஃபோ, டைட்டில் என்று போய் அழித்துவிட்டு மறுபடி பி.டி.எஃப். ஆக்குங்கள். பெயரைத் தேடும்போது முழுப்பெயரோடு நிறுத்தாமல், சுருக்கப்பெயர், ஊர்ப்பெயர், பேராசிரியர் பெயர் மூன்றையும் தேடுங்கள். பெயரை மாற்றிவிட்டுப் பேராசிரியரை மாற்ற மறந்தவர்கள் நிறைய.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். கல்லூரிப் பேராசிரியர் ஒரே கடிதத்தை எட்டு இடத்துக்கும் ஏற்றுவார். அதில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுவிட்டால் மீதி ஏழுக்கும் தெரிந்தது. “பெயர் குறிப்பிடாமல், ‘உங்கள் துறை’ என்று மட்டும் எழுதுங்கள் சார்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது பணிவுக் குறைவு ஆகாது.

ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு துறைக்குப் போட்டால் மட்டும் தெரியும். விண்ணப்பம் ஒரே அமைப்புக்குள் போகிறது. கம்ப்யூட்டர் சயன்ஸ், டேட்டா சயன்ஸ் என்று நெருங்கிய துறைகள் என்றால் பிரச்சினை இல்லை, எஸ்.ஓ.பி. மட்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். சில இடங்களில் ஒரு பருவத்துக்கு ஒரு துறைதான் அனுமதி. கட்டணம் கட்டும் முன் பாருங்கள், திரும்ப வராது.

கே: பிஎச்.டி. நேர்காணலில் பேராசிரியர், “வேறு எங்கே ஆஃபர் வந்திருக்கிறது? எப்போது சொல்வீர்கள்?” என்று கேட்டார். மறைக்கலாமா? (ஆய்வு மாணவி, மதுரை)

ப: மறைக்க வேண்டாம். இது தேர்வுக் கேள்வி என்பதை விட, அவருடைய நிதி யாருக்குப் போகும் என்று திட்டமிடும் கேள்வி. “இன்னும் இரண்டு இடத்தின் முடிவுக்குக் காத்திருக்கிறேன்” என்று சொன்னால் போதும். உதவித்தொகையோடு வந்த அனுமதிக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்லக் கட்டாயமில்லை என்று அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கவுன்சிலின் தீர்மானம் இருக்கிறது. பல்கலைக்கழகம் அதில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை இல்லாத எம்.எஸ். அனுமதிக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது, அங்கே கடிதத்தில் உள்ள தேதிதான் தேதி.

கே: விசா நேர்காணலில் எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தாய் என்று கேட்பார்களாமே? (வாசகர், சேலம்)

ப: கேட்பார்கள். கேட்பது கல்லூரி அல்ல, தூதரக அதிகாரி. படிக்கத்தான் போகிறீர்களா, யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தீர்களா என்று பார்ப்பதற்காக. “எட்டுக்கு விண்ணப்பித்தேன். மூன்றில் கிடைத்தது, நான்கில் இல்லை, ஒன்று நிலுவை. இதைத் தேர்ந்தெடுத்தது இந்தப் பாடத்திட்டத்துக்காக” என்று இரண்டு மூச்சில் சொல்லி நிறுத்துங்கள். நிராகரிப்புகளை மறைக்கத் தேவையில்லை, எல்லாருக்கும் இருப்பதுதான். மூன்று ஐ-20 (கல்லூரி தரும் சேர்க்கைச் சான்று) கையில் இருந்தாலும், டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் எந்தக் கல்லூரியின் செவிஸ் எண் (ஐ-20இல் உள்ள மாணவர் பதிவு எண்) இருக்கிறதோ அந்த ஐ-20ஐத்தான் நீட்ட வேண்டும். 350 டாலர் செவிஸ் கட்டணத்தை ஒரு ஐ-20க்குக் கட்டிவிட்டு மனம் மாறினால், மறுபடி கட்டாமல் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதை நேர்காணலுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கே: பொறியியல் கலந்தாய்வில் நான் எந்தக் கல்லூரியை முதலில் போட்டேன் என்று கல்லூரிக்குத் தெரியுமா? இரண்டாவதாகப் போட்டால் கோபித்துக்கொள்ளுமா? (மாணவர், விழுப்புரம்)

ப: தெரியாது, கோபிக்கவும் முடியாது. இடம் கொடுப்பது கல்லூரி அல்ல. உங்கள் தரவரிசை வந்ததும் கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் காலியாக இருக்கும் இடத்தை ஒதுக்குகிறது. “கிடைக்கிற கல்லூரியை மேலே போட்டால்தான் கிடைக்கும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படிப் போட்டால் மேலே உள்ளதே கிடைத்துவிடும், நல்லது கைநழுவும். உண்மையான ஆசை வரிசையிலேயே போடுங்கள். கல்லூரிக் குறியீட்டு எண்ணை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் உள்ளன.

கே: நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டிவிட்டு கலந்தாய்வுக்கும் காத்திருக்கிறோம். அங்கே கிடைத்தால் கட்டிய பணம்? (பெற்றோர், தஞ்சாவூர்)

ப: யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கைக்கென அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கும் முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். அதில் 5 சதவீதத்துக்கு மிகாமல், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொள்ளலாம். அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் தாண்டி 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களை அவர்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் உண்டு. சரிபார்த்ததும் கையோடு வாங்கிவிடுங்கள். விலகல் கடிதத்தை நேரில் கொடுத்தால் தேதியிட்ட ஒப்புகை கேளுங்கள், தரத் தயங்கினால் அன்றைக்கே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.